கேசிஃபையர் கல்லும் கன்ட்ரோல் ரூமும்

ரிஃப்ராக்டரி, அதாவது சூடு தாங்கும் கல் தொழிலில் இருப்பவர்கள், கேசிஃபையர் (நிலக்கரியை வாயுவாக்கும் கலன்) என்றதும் கேட்கும் முதல் கேள்வி, "உள்ளே என்ன கல்லு?" என்பதுதான். சேலத்தில் சூடு தாங்கும் கல் செய்யும் மேக்னசைட் தாதுவின் வாசனையிலேயே வளர்ந்து, சிமென்ட் சூளை, எஃகு ஆலையில் உருக்கை ஏந்தும் லேடில் என்று சுற்றிவிட்டு இந்தப் பக்கம் வந்தவன் என்பதால் எனக்கும் அந்தக் கேள்வி பழக்கம்தான். ஆனால் கேசிஃபையரில் கல்லைப் பற்றிய பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை. சுவர் எத்தனை மாதம் நிற்கும் என்பது கல் வாங்கிய பிறகு நடப்பதைப் பொறுத்தது, அதில் பெரும்பகுதி நம் கையிலேயே இல்லை.

2030-க்குள் 10 கோடி டன் நிலக்கரியை வாயுவாக்க வேண்டும் என்பது இந்திய அரசின் இலக்கு. 2024 ஜனவரியில் அதற்கென 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஒப்புதலும் கொடுத்தார்கள். ஆக, வரும் ஆண்டுகளில் நம் பிள்ளைகள் பலர் இந்த வேலைக்கு வருவார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். நான் வேலை பார்த்த ஆலைகளின் பெயர் வேண்டாம். தொழில் ரகசியம் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அதுவும் ஒரு காரணம்.

நான் சொல்வது சாம்பல் உருகி ஓடும் வகை கேசிஃபையர். நிலக்கரியையோ, எண்ணெய்ச் சுத்திகரிப்பில் கடைசியாக மிஞ்சும் பெட்கோக்கையோ அரைத்து, தண்ணீரில் குழம்பாக்கி, ஆக்சிஜனோடு சேர்த்து மேலிருந்து பீய்ச்சுவார்கள். முழுதாக எரியப் போதாத அளவுக்கே ஆக்சிஜன் கொடுப்பதால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கும். உள்ளே 1,300 டிகிரிக்கு மேல், சில ஆலைகளில் 1,500-ஐயும் தாண்டும். அழுத்தமும் பல பத்து பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போலப் பல பத்து மடங்கு இருக்கும். சாம்பல் ஸ்லாக்காக உருகிச் சுவரில் வழிந்து, அடியில் இருக்கும் தொண்டை வழியாகத் தண்ணீருக்குள் விழும். அந்த வழிசலுக்கும் இரும்பு ஷெல்லுக்கும் நடுவே நிற்பது நாம் கட்டும் சுவர்.

இதற்குக் குரோமியம் ஆக்சைடு அதிகமுள்ள கல்தான் தாங்கும் என்பது 1980-களிலேயே அமெரிக்கச் சோதனைகளில் உறுதியாகிவிட்டது. அலுமினா கல் இந்த ஸ்லாக்கில் கரைந்துவிடும், குரோமியம் ஆக்சைடு கரைவது மிக மிகக் குறைவு. ஸ்லாக் படும் முகப்புக் கல்லில் அது 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பார்கள். சந்தையில் 90 சதவீதத்துக்கு மேலும் உண்டு. இவ்வளவு நல்ல கல்லைப் போட்டும், உலக அளவில் வெளியான விவரங்களின்படி சுவரின் ஆயுள் சில ஆலைகளில் 3 மாதம், சில ஆலைகளில் 3 வருடம். கிட்டத்தட்ட ஒரே கல், ஒரே வடிவமைப்பு, ஆயுளில் மட்டும் 12 மடங்கு வித்தியாசம். கல் வியாபாரி யாரும் இந்தக் கணக்கைத் தானாக எடுத்துச் சொல்ல மாட்டார்.

கல் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள, கழற்றிய கல் ஒன்றைக் குறுக்கே வாளால் அறுத்துப் பாருங்கள். புதுக் கல் கரும்பச்சை நிறம். அறுத்த கல்லின் பின்பாதி அதே பச்சையில் இருக்கும். முகப்பிலிருந்து உள்ளே ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் வரை கறுத்து, கண்ணாடி கலந்தது போல இறுகியிருக்கும். இரண்டுக்கும் நடுவே முகப்புக்கு இணையாக ஒரு விரிசல் ஓடும். கல்லில் சுமார் 15 சதவீதம் துளைகள் உண்டு. ஸ்லாக்கில் இருக்கும் சுண்ணாம்பும் சிலிக்காவும் அந்தத் துளைகள் வழியாக உள்ளே இறங்குகின்றன. ஸ்லாக் நிறைந்த பகுதி ஒரு விதமாகவும் நிறையாத பகுதி வேறு விதமாகவும் சூட்டில் விரிந்து சுருங்கும். ஒரு ஷட்டவுன் எடுத்துக் குளிரவைத்தால் அந்த எல்லையில் கீறல் விழும். அடுத்த முறை சூடேற்றும்போது முன்பகுதி வாழைமட்டை உரிவது போலக் கழன்றுவிடும்.

கரைந்து தேய்வது மெதுவாக நடக்கும், அதற்குத் திட்டம் போடலாம். இப்படிப் பாளமாக உரிவதுதான் ஆயுளைப் பாதியாக்குகிறது. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆல்பனி ஆய்வுக்கூடம் 2000-களில் குரோமியக் கல்லில் கொஞ்சம் பாஸ்பேட் சேர்த்துப் பார்த்ததே இதற்காகத்தான். உள்ளே நுழையும் ஸ்லாக்கின் சுண்ணாம்பை பாஸ்பேட் பிடித்துக்கொள்கிறது. மிச்ச ஸ்லாக் கெட்டியாகி, மேற்கொண்டு உள்ளே போக முடியாமல் நின்றுவிடுகிறது. அந்தக் கல் ஆரெக்ஸ் 95பி என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. நல்ல கல்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கல்லானாலும் ஸ்லாக் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை முடிவு செய்வது சூடு. எத்தனை தடவை குளிர்ந்து சூடாகும் என்பதை முடிவு செய்வது ஆபரேஷன்.

இனி கன்ட்ரோல் ரூமுக்கு வருவோம்.

கேசிஃபையருக்குள் எவ்வளவு சூடு இருக்கிறது என்பது பல நாட்கள் யாருக்கும் நேரடியாகத் தெரியாது. வெளியாட்கள் இதை நம்ப மாட்டார்கள். சூட்டை அளக்கும் பிளாட்டினம் வகை தெர்மோகப்பிளைச் சுவரைத் துளைத்து வைப்போம். முகப்புக் கல்லும் பின் கல்லும் வெவ்வேறு அளவில் நகரும்போது நடுவில் மாட்டிய தெர்மோகப்பிள் நறுக்கென்று வெட்டுப்படும். தப்பித்தால் ஸ்லாக் தின்றுவிடும். அதன் பிறகு ஆபரேட்டர் பார்ப்பது வெளியேறும் வாயுவில் உள்ள மீத்தேன் அளவை. மீத்தேன் கூடினால் உள்ளே சூடு குறைந்திருக்கிறது, குறைந்தால் சூடு ஏறியிருக்கிறது என்று கணக்கு. ஆக்சிஜன் விகிதத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

இப்போது அந்த ஆபரேட்டர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ராத்திரி ஷிப்ட். நிலக்கரி லோடு மாறியிருக்கிறது, சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும் அதிகம். ஸ்லாக் குழைந்து தொண்டையில் கட்டிக்கொள்ளப் பார்க்கிறது. அடைத்தால் பிளான்ட் நின்றுவிடும், காலையில் கேள்வி அவரிடம்தான். ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டினால் சூடு ஏறும், ஸ்லாக் தண்ணியாக ஓடும், ஷிப்ட் நிம்மதியாக முடியும். சுவர் தேய்ந்ததற்கான கேள்வி ஆறு மாதம் கழித்து வரும், அதுவும் நம்மிடம் வரும். ஒரு சீனியர் ஆபரேட்டர் என்னிடம் நேராகவே சொன்னார்: "சார், அடைப்பு என் கணக்கு, கல்லு உங்க கணக்கு." அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கணக்கைப் பிரித்து எழுதியது நிர்வாகம்.

இதை மாற்ற நாங்கள் செய்ததில் பலன் தந்தது ஒன்றுதான்: நிலக்கரி லோடு மாறும்போதே லேபில் சாம்பலின் ரசாயனக் கூறுகளைப் பார்த்து, எந்தச் சூட்டில் ஸ்லாக் ஓடும் பதம் வரும் என்று கணக்கிட்டு, அந்தத் தாளை ஷிப்டுக்கு முன்னால் கொடுப்பது. ஸ்லாக்கின் பிசுபிசுப்பு 25 பாஸ்கல்-செகண்டுக்குக் கீழே வரும் சூடுதான் தொழிலில் வழக்கமான அளவுகோல். தேவைப்பட்டால் சூட்டை ஏற்றுவதற்குப் பதிலாகச் சுண்ணாம்புக் கல் பொடியை குழம்பிலேயே கலந்து ஸ்லாக்கை இளக்கலாம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சுண்ணாம்பு அளவுக்கு மீறினால் ஸ்லாக் அதிகமாக இளகி, கல்லின் துளைகளில் இன்னும் ஆழமாக இறங்கும். "கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே" என்று கண்ணளவில் கொட்டும் பழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். ஆபரேட்டருக்கு அந்தத் தாள் கையில் வந்த பிறகு ஆக்சிஜன் வால்வின் மேல் கை தானாகக் குறைந்தது. சுவர் ஆயுளை அவருடைய மாதாந்திர அறிக்கையிலும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொன்னோம். அதற்குத்தான் எதிர்ப்பு அதிகம்.

அடுத்தது இன்ஜெக்டர். குழம்பையும் ஆக்சிஜனையும் பீய்ச்சும் இந்தக் குழல் முனை சில மாதங்களில் அரித்துவிடும். அரித்த முனையிலிருந்து ஜுவாலை நேராக இறங்காமல் ஒரு பக்கம் சாயும். சாய்ந்த பக்கத்துச் சுவர் மற்றப் பக்கத்தைவிட வேகமாகப் போகும். சுவரின் ஒரே பக்கம் பள்ளம் விழுந்திருந்தால் கல் சப்ளையரை அழைப்பதற்கு முன்னால் பழைய இன்ஜெக்டரைக் கேட்டு வாங்கி அதன் முனையைப் பாருங்கள். பள்ளம் எந்தத் திசை, முனையில் தேய்மானம் எந்தத் திசை என்று ஒப்பிட்டால் பெரும்பாலும் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். இதற்காகவே இன்ஜெக்டரைக் கழற்றும்போது வடக்குப் பக்கத்தை பெயின்டால் குறித்துவைக்கச் சொல்வேன். மெக்கானிக்கல் ஆட்கள் சிரிப்பார்கள். ஆனாலும் குறிப்பார்கள்.

இன்ஜெக்டர் மாற்ற ஒவ்வொரு தடவையும் கேசிஃபையரை நிறுத்த வேண்டும் என்பதுதான் பெரிய அடி. ஒரு நிறுத்தம் என்றால் சுவருக்கு ஒரு குளிர்ச்சி, ஒரு சூடேற்றம். எனவே நல்ல இன்ஜெக்டருக்குச் செலவழிக்கும் பணம் கல்லுக்குச் செலவழித்த பணம் என்றே எழுதிக்கொள்ளலாம். பர்ச்சேஸில் இரண்டும் வெவ்வேறு ஃபைலில் இருப்பதால் இதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

பெட்கோக் எரிக்கும் ஆலைகளில் நிறுத்தம் இன்னொரு விதத்திலும் அடிக்கும். பெட்கோக்கில் வனேடியம் அதிகம். கேசிஃபையர் ஓடும்போது உள்ளே ஆக்சிஜன் மிச்சமில்லாததால் வனேடியம் V₂O₃ என்ற வடிவில் இருக்கும், அது 1,900 டிகிரிக்கு மேல்தான் உருகும், சும்மா கிடக்கும். நிறுத்திவிட்டுக் காற்றை உள்ளே விட்டாலோ, மறுபடி ஆரம்பிக்கக் காற்றோடு முன்சூடேற்றும் பர்னரைப் போட்டாலோ, அதே வனேடியம் V₂O₅ ஆகிவிடும். இது 690 டிகிரி வாக்கிலேயே உருகி, கல்லின் இணைப்புகளை அரிக்க ஆரம்பிக்கும். சுவர் ஓடும்போது தேய்ந்ததைவிட, ஓடாத நாளில் அதிகம் கெட்டுப்போவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே நிறுத்தியதும் உள்ளே நைட்ரஜனை நிரப்பி வைப்பது, முன்சூடேற்றலை வேண்டாமல் நீட்டிக்காமல் இருப்பது, பர்னரைக் கழற்றி இன்ஜெக்டரை மாட்டும் இடைவெளியைக் குறைப்பது என மூன்றிலும் ஆபரேஷனோடு உட்கார்ந்து பேசவேண்டியிருக்கும். அந்த இடைவெளியில் மேல்வாய் திறந்திருக்கும், குளிர்ந்த காற்று இழுத்துக்கொண்டு இறங்கும். சூடான முகப்புக்கு அதைவிடக் கெட்டது வேறில்லை. கிரேன், ஆட்கள், கேஸ்கெட் எல்லாம் தயாராக மேலே நின்ற பிறகுதான் பர்னரைத் தொட வேண்டும்.

சரி, இப்போது நம் கையில் இருக்கும் வேலை.

சுவர் வளரும் என்பதை வரைபடத்தில் பார்த்தால் போதாது, மனதில் ஏற வேண்டும். 10 மீட்டர் உயரக் கல் சுவர் 1,400 டிகிரிக்கு வந்தால் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் உயரும். வெளியே 200 சொச்சம் டிகிரியில் இருக்கும் இரும்பு ஷெல் இரண்டரை சென்டிமீட்டர்தான் வளரும். மிச்சத்துக்கு இடம் விட வேண்டும். கூரை வளைவுக்குக் கீழே விட்ட அந்த இடைவெளியில் ஒரு துண்டு உடைந்த கல்லோ, வழிந்த மோர்டார் சாந்தோ மாட்டிக்கொண்டால் சுவர் அதைத் தூக்கும், கூரைக் கல் நசுங்கும். இடைவெளியை மூடும் முன் டார்ச் அடித்து நானே சுற்றிப் பார்த்துவிடுவேன், வேறு யாரிடமும் விட்டதில்லை.

கல் கட்டும்போது மோர்டார் மெல்லிசாக, ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நம் கொத்தனார்கள் வீடு கட்டிப் பழகிய கை, தாராளமாகப் பூசுவார்கள். வரிசை முடியும் சாவிக் கல்லை அறுக்க நேர்ந்தால் பாதிக்கும் கீழே போகக் கூடாது, அதற்குப் பதில் பக்கத்துக் கற்கள் இரண்டையும் சேர்த்து அறுத்துச் சமாளிக்கலாம். காஸ்டபிள் (தண்ணீரில் கலந்து கான்கிரீட் போல ஊற்றும் ரிஃப்ராக்டரி) கலக்கும் இடத்தில்தான் எப்போதும் தகராறு. வெயிலில் மேஸ்திரி, "சார், கொஞ்சம் தண்ணி விட்டா சுலுவா எறங்கும்" என்பார். "அண்ணே, சுலுவா எறங்குறது சுலுவா வெடிக்கும்" என்பேன். கூடுதலாக விட்ட ஒவ்வொரு சதவீதத் தண்ணீரும் பின்னால் துளையாக மாறும். தண்ணீரை எடை போட்டு ஊற்றவும், குடிக்கும் தண்ணீரையே பயன்படுத்தவும், ஒவ்வொரு கலவையையும் எழுதிவைக்கவும் ஒரு ஆளைப் போட்டால் தகராறு தீரும். அந்த ஆளின் சம்பளம் மிச்சம் பிடிக்கிற செலவே இல்லை.

உலர்த்தும்போது அவசரப்பட்டால் கட்டிய அத்தனையும் வீண். 110 முதல் 150 டிகிரிக்குள் நிறுத்தி, காஸ்டபிளில் இருக்கும் ஈரம் போகும் வரை பொறுக்க வேண்டும். அதன் பிறகும் படிப்படியாக, இடையிடையே நிறுத்தி ஏற்ற வேண்டும். மணிக்கு 25 முதல் 50 டிகிரி என்பது வழக்கமான வேகம். உற்பத்தி மேனேஜர் மேலே வந்து வாட்ச்சைப் பார்ப்பார். எனக்குக் கிடைத்த நல்ல வழி, உலர்த்தும் வரைபடத்தை வேலை தொடங்கும் முன்பே அவரிடம் கையெழுத்து வாங்கிவைத்துக்கொள்வது.

முகப்புக் கல்லுக்குப் பின்னால் இருக்கும் அடுக்குகளை யாரும் பேசுவதில்லை. அங்கே 400 முதல் 700 டிகிரிக்குள் இருக்கும் கல்லில் இரும்புத் துகள் இருந்தால், கார்பன் மோனாக்சைடு அதன் மேல் சிதைந்து கரியாகப் படியும். படியும் கரி கல்லை உள்ளிருந்து பிளந்துவிடும். எனவே பின் கல்லுக்கும் இரும்பு குறைவான ரகமே வேண்டும், மலிவான ஃபயர் பிரிக் வைத்து மிச்சம் பிடிக்கும் இடம் அது அல்ல. இன்னொரு ஆசையும் வரும்: "வெளியே இவ்வளவு சூடு வீணாகிறதே, இன்சுலேஷனைத் தடிமனாக்கு" என்பார்கள். பின்னால் இன்சுலேஷன் கூடினால் முகப்புக் கல்லின் ஆழத்திலும் சூடு ஏறும். ஸ்லாக் உறையும் இடம் பின்னுக்குப் போகும், அதாவது இன்னும் ஆழமாக இறங்கும். ஷெல்லும் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் உட்பக்கத்தில் அமில ஈரம் படிந்து அரிக்கும். எரிபொருளில் மிச்சமாகிற பணம் கல்லில் போய்விடும்.

நிறுத்தம் கிடைக்கும்போதெல்லாம் சுவரை அளக்க வேண்டும். லேசர் ஸ்கேன் இருந்தால் நல்லது. ஆனால் முகப்பில் உறைந்து கிடக்கும் ஸ்லாக்கையும் அது கல் என்றே அளக்கும். ஆங்காங்கே ஸ்லாக்கைத் தட்டி எடுத்துவிட்டு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். என் நம்பிக்கை இன்னும் சிறு சுத்தியல் மேல்தான். உறுதியான கல் கணீரென்று ஒலிக்கும். உள்ளே இணை விரிசல் விழுந்தது மந்தமாக, பொத்தென்று ஒலிக்கும். ஸ்கேனில் முழுத் தடிமன் காட்டிய கல் சுத்தியலில் மந்தமாக ஒலித்தால் அடுத்த சூடேற்றத்திலேயே அது கழன்று விழும். வரிசை எண், திசை, ஒலி மூன்றையும் எழுதிவையுங்கள். இரண்டு மூன்று நிறுத்தங்களின் தாள்களை அருகருகே வைத்தால் எந்த இடம் எப்போது போகும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

தொண்டையும் அதற்கு மேலே உள்ள சரிவும்தான் எங்கும் முதலில் போகும், முழு ஸ்லாக்கும் அங்கேதான் கூடி ஓடுகிறது. விலை கூடிய பாஸ்பேட் கல்லை அங்கே போட்டு, நேர்ச்சுவருக்குச் சாதாரண உயர் குரோமியக் கல் போட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக முடியும். தொண்டையை மட்டும் இடையில் ஒரு தடவை மாற்றுவதும் செய்யலாம். நேர்ச்சுவரில் மட்டும் ஒட்டுப்போடுவதை நான் விரும்புவதில்லை. புதுக் கல் முன்னே துருத்தி நிற்கும், அதன் விளிம்பில் ஸ்லாக் மோதும், கீழே இருக்கும் பழைய கல்லைக் குடையும்.

இதெல்லாம் இருந்தும் சில ஆலைகளில் கல் தேய்மானம் பெரிய கவலையாகத் தெரிவதே இல்லை. அமெரிக்காவில் கிங்ஸ்போர்ட்டில் 1983 முதல் நிலக்கரியிலிருந்து ரசாயனம் செய்யும் ஈஸ்ட்மன் ஆலை, ஒன்று ஓடும்போது இன்னொன்று காத்திருக்கும்படி கேசிஃபையர்களை வைத்திருக்கிறது. ஒன்றில் கல் மாற்றும்போது மற்றொன்று ஓடும், அவசரமாக உலர்த்த வேண்டிய நெருக்கடி இல்லை. உதிரி கேசிஃபையருக்குப் பணம் இல்லை என்று சொல்லும் ஆலைகள், ஒவ்வொரு கல் மாற்றத்திலும் நிற்கும் வாரங்களைக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும். கல்லே இல்லாமல், தண்ணீர்க் குழாய்ச் சுவரில் ஸ்லாக்கை உறையவிட்டு அதையே காப்பாக வைக்கும், ஷெல் (Shell) நிறுவனத்தின் வகை கேசிஃபையரும் உண்டு. அதற்கு முதலீடு அதிகம். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் 35, 40 சதவீதம் என்று இருப்பதால், அவ்வளவு ஸ்லாக்கை கல் சுவர் மேல் ஓடவிடுவது சரிப்படாது. திருச்சியில் பெல் (BHEL) நிறுவனம் அமைத்த 6.2 மெகாவாட் சோதனை நிலையத்தில், சாம்பல் உருகாத சூட்டில் துகள்களை வாயுவில் மிதக்கவிட்டு இயங்கும் ஃப்ளூயிடைஸ்டு பெட் முறைக்குப் போனதற்குப் பின்னால் இந்தச் சாம்பல் பிரச்சினை உண்டு. அங்கே கல்லைத் தின்பது ஸ்லாக் அல்ல, சுழலும் சாம்பல் துகளின் உரசல். அதற்கான லைனிங் வேறு கதை.

கழற்றிய கல்லைப் பற்றி. புதுக் கல்லில் உள்ள குரோமியம் பெரும்பாலும் ஆபத்தில்லாத வகை. சுண்ணாம்போ சோடியம், பொட்டாசியம் உப்புகளோ பட்டு, காற்றோடு சூடானால் அதில் ஒரு பகுதி ஹெக்ஸாவேலன்ட் குரோமியமாக மாறும். தண்ணீரில் கரையும், புற்றுநோய் தரும். கல்லில் மஞ்சள் பூத்திருந்தால் சந்தேகப்படுங்கள், பூக்காவிட்டாலும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ராணிப்பேட்டையில் குவிந்து கிடந்த குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இடிக்கும்போது தூசி அடங்கத் தண்ணீர் தெளிக்க வேண்டும், ஓடிவரும் அந்தத் தண்ணீரையும் பிடித்துவைக்க வேண்டும். உள்ளே இறங்கும் ஆட்களுக்குத் துணி முகமூடி போதாது, தூசி வடிகட்டும் சரியான ரெஸ்பிரேட்டர் வேண்டும். கல்லை கேட்டுக்கு வெளியே சும்மா கொடுத்துவிடாதீர்கள். பார்க்கக் கனமாக, உறுதியாக இருப்பதால் அடுப்பு கட்ட, வாசல் படி போட என்று கேட்டு வாங்கிப் போக ஆள் வருவார்கள்.